செவலை மறுபடியும் ஓடுகிறாள்: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டில் வரைக்கும் கல் பரப்பிய தடத்தில் எங்கள் மட்டக்குதிரை செவலை தானாக ஓடி வந்தாள். காலில் லாடம் இல்லை, கட்டுத்துணி இல்லை, ரப்பர் மெத்தை இல்லை. பார்த்த உடனே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. யார் யார் என்ன செய்தீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வருடங்களுக்கு முன், ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தையில் இவளை வாங்கினேன். மட்டக்குதிரை, அப்போது 8 வயது. எங்கள் அப்பாரு காங்கயத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். அவர் வண்டியில் உட்கார்ந்து போன நாளிலிருந்தே நம் வீட்டிலும் ஒரு குதிரை நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அந்த ஆசையையெல்லாம் தீனியாகவே போட்டேன். செக்கு ஓட்டுகிற வீட்டில் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, வேகவைத்த கொள்ளு, ராகிக் களி, அப்புறம் சாயங்காலம் ஒரு உருண்டை வெல்லம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "குதிரை என்னமா மினுங்குதுங்க!" என்றார்கள். பிடரிக்குக் கீழே கழுத்து தடித்துத் திண்டு மாதிரி இறுகியிருந்ததையும் அழகு என்றே நினைத்தேன். நோய் வரப்போவதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் தை மாதம் ஒரு விடியற்காலை, முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் வாங்கிக்கொண்டு நின்றாள். ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். குளம்பைத் தொட்டால் சுடுகிறது. வயிற்று வலியாக இருக்கும், நன்றாக நடக்க விடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு இழுத்துப் பிடித்து அரை மணி நேரம் நடத்தினேன். அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. இன்னொருவர் இனி தேறாது, தள்ளிவிடுங்கள் என்றார்.

டாக்டரம்மா, அன்றைக்கு நீங்கள் 40 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் வந்தீர்கள். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்து நாடி பார்த்தீர்கள். என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னீர்கள். நல்ல காலில் அந்த நாடி லேசாகத்தான் தட்டுப்படும், இவளுக்கு அது திம் திம்மென்று அடித்தது. "இது லாமினைட்டிஸ். இனிமேல் ஓர் அடி நடத்தாதீங்க" என்றீர்கள். நம் நகமும் நகத்தடிச் சதையும் எப்படி ஒட்டியிருக்கின்றனவோ, அப்படித்தான் குதிரையின் குளம்புச் சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் இதழ் இதழான சதையால் பின்னிக் கிடக்கின்றன என்றும், அந்தப் பின்னல் வீங்கித் தளர்ந்தால் குதிரையின் மொத்தப் பாரமும் எலும்பைக் கீழ்ப்பக்கம் சாய்த்துவிடும் என்றும் மண்ணில் படம் போட்டுக் காட்டினீர்கள். பெயின்ட் வாளிகளில் ஐஸ் போட்டு முன்னங்கால்களை அதற்குள் நிறுத்தச் சொன்னீர்கள். வலிக்கு மருந்து கொடுத்தீர்கள். மூன்று நாள் இராப்பகலாக ஐஸ் உருக உருக மாற்றினோம். அந்த ஐஸ் எல்லாம் எங்கள் ஊர் மீன் கடைக்காரத் தம்பி கொடுத்தது. ஒரு பைசா வாங்கவில்லை. தம்பி, விடிகாலை 3 மணிக்குக் கதவைத் தட்டியபோதும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தாயே, அதை மறக்க மாட்டேன்.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது தெரிந்தது. டாக்டரம்மா, எதனால் வந்தது என்று உங்களைக் கேட்டேன். தீனிதான் என்றீர்கள். வெல்லமும் மாவுச்சத்தும் ஏறினால் இந்த மாதிரிக் குதிரைகளுக்கு ரத்தத்தில் இன்சுலின் எகிறிவிடும். 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினை விடாமல் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்; 72 மணி நேரத்துக்குள் நான்கு கால்களிலும் இதே நோய் வந்துவிட்டது. நீங்கள் இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பாசத்துல போட்டது, இனி பாசத்துல குறைக்கலாம்" என்றீர்கள்.

இதை ஊரில் ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியாரிடம் சொன்னேன். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்து எழுதியதை அவர் எடுத்துச் சொன்னார். ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் இங்கே வந்து இறங்கினவாம். சோறும் இறைச்சியும் சமைத்து அவற்றுக்குப் போட்டார்களாம். பக்குவம் தெரிந்த ஆட்களும் லாடக்காரர்களும் இல்லாமல் வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயினவாம். ஐயா, "நீ மட்டும் செய்த தப்பு இல்லப்பா, 700 வருஷமா நடக்கிறது" என்று நீங்கள் தோளைத் தட்டிய பிறகுதான் அன்றிரவு தூங்கினேன்.

இப்போது லாடக்காரப் பெரியவருக்கு வருகிறேன். இந்த மடலே முக்கால்வாசி அவருக்காகத்தான்.

பெரியவரே, 45 வருடமாக மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பதுதான் உங்கள் பிழைப்பு. அப்படிப்பட்ட உங்களிடம் வந்து "லாடத்தைக் கழற்றிவிடுங்கள், இனி அடிக்க வேண்டாம்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டாக்டரம்மாதான் சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "இத்தனை வருஷம் வெளியில இருந்துதான் பார்த்தேன். உள்ளே இப்படியா இருக்குது?" என்றீர்கள். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து, காலை உதறவிடாமல், ஆணியை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உருவினீர்கள். வலியில் இருக்கிற காலில் சுத்தியல் அதிர்வு படக் கூடாது என்று நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நீங்கள் கற்றுக்கொண்டதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைத் தவளை என்றே சொல்கிறார்கள். காலை ஊன்றும்போது அது தரையில் பட வேண்டும்; குதிகால் லேசாக விரிந்து அதிர்ச்சியை வாங்க வேண்டும்; ரத்தம் அமுங்கி மேலே ஏற வேண்டும். இரும்பை ஆணி வைத்து அறைந்தால் அந்த விரிவு குறைகிறது, பாரமும் பெரும்பாலும் சுவரிலேயே போய் நிற்கிறது. அமெரிக்காவில் ஜேமி ஜாக்சன் என்பவரும் உங்களைப் போல லாடம் அடித்தவர்தான். 1982 முதல் 1986 வரை மேற்குப் பாலைநிலங்களில் காட்டுக் குதிரைகளின் காலைப் பார்த்துத்தான் அவர் லாடமில்லாத முறைக்கு மாறினார். இதை டாக்டரம்மா சொன்னபோது நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த முறை வரும்போது புது அரம் ஒன்று உங்கள் பையில் இருந்தது.

அடித்தோலை வெட்டக் கூடாது, தவளையைச் செதுக்கக் கூடாது, முன்னால் நீண்டு போன முனையை மட்டும் பின்னுக்குக் கொண்டுவந்து, சுவரின் வெளி ஓரத்தை உருட்டி ராவ வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தம் 12 தடவை வந்தீர்கள். ஒரு தடவை கூட நான் கூப்பிடவில்லை, நீங்களே நாளைக் குறித்து வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் வேலையை ஆரம்பிக்கும் முன் அவள் நெற்றியில் கை வைத்து "என்ன கண்ணு, இன்னைக்கு எப்படி?" என்று கேட்டீர்கள்.

லாடமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாள் முழுக்கத் தார்ச்சாலையில் வண்டி இழுக்கிற குதிரையின் கதை வேறு. நோயோடு இருக்கிற குதிரைக்கு லாடத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்பதையும் மருத்துவர்தான் காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் செவலைக்கு இது சரியாக வந்தது.

லாடம் கழற்றிய வாரம் வெறும் தரையில் அவளால் நிற்க முடியவில்லை. வெளிநாட்டில் இதற்கென்றே பூட்ஸ் விற்கிறார்கள், விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கும் அண்ணன்தான் கை கொடுத்தார். அண்ணா, குளம்பை அட்டையில் வரைந்து கொண்டுவந்து நீட்டியதும் "இது என்ன சைஸுங்க?" என்று கேட்டீர்கள். குதிரைக்கு என்றதும் கடையை மூடிவிட்டு என்னோடு வண்டியில் ஏறிவிட்டீர்கள். செருப்புக்குப் போடும் தடித்த ஃபோம் ஷீட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, கீழே பழைய டயர், மேலே சைக்கிள் டியூப் பட்டை. அதைக் கட்டிவிட்டதும் செவலை பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினாள். நான்கு மாதத்தில் ஆறு ஜோடி தேய்ந்தது. ஆறையும் நீங்களே செய்து கொடுத்தீர்கள்.

தீவனத்துக்குப் புல்லுக்கார அக்காவுக்கு நன்றி. பட்டினி போடவே கூடாது, மட்டக்குதிரைக்கு அது உயிருக்கே ஆபத்து, ஆனால் அளந்து போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது இவளுக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ சொச்சம் காய்ந்த புல். அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும். எங்கள் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், விளையும் கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அமிர்தம். குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் அருகம்புல்லும் கொஞ்சம் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரும் கலந்து, தாது உப்பும் சேர்த்துக் கொடுத்தோம். அக்கா, வாய்க்கால் ஓரமெல்லாம் அருகு அறுத்து, மண் உதறி, காயவைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தீர்கள். ஐப்பசி அடைமழையில் கூட ஒரு நாள் தவறவில்லை.

நடுவில் வைகாசி மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நன்றாக நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று மூன்று காலில் நின்றாள். உள்ளே சீழ் கட்டியிருந்தது. உப்பு வெந்நீரில் காலை வைத்து வைத்து நான்காம் நாள் குளம்பின் மேல்விளிம்பில் உடைந்து வெளியே வந்தது. அந்த நான்கு இரவும் பக்கத்துத் தோட்டத்து மாமா என்னோடு கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மாமா, நீங்கள் எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதே மாமாதான் பிறகு தடத்துக்குக் கல்லும் கொடுத்தார். கிட்டத்தட்ட 2,350 வருடங்களுக்கு முன்பே கிரேக்கத்தில் செனபோன் என்ற படைத்தலைவர், குதிரைக் கொட்டிலுக்கு வெளியே கைக்குள் அடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டி வையுங்கள், அதில் நின்றால் குளம்பு உறுதிப்படும் என்று எழுதி வைத்திருக்கிறார். மாமா காட்டில் பொறுக்கிக் குவித்திருந்த கற்களிலிருந்து இரண்டு டிராக்டர் வந்தது. முதலில் மணல், வலி முழுக்கப் போன பிறகுதான் கல். கூட நடக்க ஆள் இருந்தால் அவளும் நடப்பாள் என்று தன் கிழட்டு வெள்ளாட்டையும் கொண்டுவந்து விட்டார். இன்றைக்கு வரைக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தடத்தைச் சுற்றுகின்றன.

எங்கள் மகளுக்கும் சொல்ல வேண்டும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரைதான் வளரும். மேலிருந்து புதுச் சுவர் இறுக்கமாக முளைத்து வர, பழைய விரிந்த சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. அவள் அந்தக் கோட்டின் மேல் நெயில் பாலிஷ் வைத்து, மாதா மாதம் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதினாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போன நாட்களில் அந்த நோட்டைத்தான் திறந்து பார்த்தேன். மார்கழி 20-ஆம் தேதி அந்தக் கோடு தரையைத் தொட்டது. அன்றைக்குப் பெரியவர் ராவி எடுத்த கடைசிச் சீவலில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒட்டியிருந்தது. மகள் அதை நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். சாப்பாடு இங்கேதான். பெரியவரை அழைத்துவர மாமா கார் எடுத்து வருகிறார். செவலைக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம், வெல்லமும் பழமும் அவளுக்கு ஆகாது. அக்காவின் அருகம்புல் கட்டு கொட்டில் வாசலிலேயே இருக்கும், ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் எல்லோரின் அன்புக்கும் கடன்பட்ட,
செவலை வீட்டுக்காரன்