கிணற்றடிப் பாசியும் இந்த ஊர்ப் பாசியும்

க்ளாய்ஸ்டுர், ஐஸ்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். குளிர் பழகிவிட்டது. மாலை நாலு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை.

பருந்து அங்கேயும் உண்டா என்று கேட்டாய், அதற்குள் போன் கட்டாகிவிட்டது. பருந்து மாதிரி ஒரு வல்லூறு உண்டு. பால்கி என்கிறார்கள். வல்லூறு இனத்திலேயே உலகில் பெரியது இதுதான். போன வாரம் குப்பை போடப் போனபோது பார்த்தேன். ஓட்டலுக்குப் பின்னால் வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து, காலில் இடுக்கிய வெள்ளைப் பறவையின் இறகைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைக்கு ர்யூபா என்று பெயர், ஒரு மாதிரிக் காட்டுக்கோழி. அது குறைந்துபோகும் வருஷங்களில் பால்கிக்கும் குஞ்சு குறைவாம். அந்தக் காலத்தில் டென்மார்க் ராஜா கப்பல் அனுப்பிப் பிடித்துப்போய் மற்ற ராஜாக்களுக்குப் பரிசளித்த பறவை, ஒரு கோழியை நம்பிப் பிழைக்கிறது பார்!

இங்கே வருகிறவர்கள் எல்லாம் மேலே பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது கீழே கிடப்பது. கம்புர்மோசி என்று ஒரு பாசி. முதலில் கேட்டபோது கம்பங்கூழ்தான் ஞாபகம் வந்தது.

1783-ல் லாக்கி எரிமலை எட்டு மாதம் கக்கியதாம். சுமார் 600 சதுர கிலோமீட்டர் நிலம் நெருப்புக் குழம்புக்கு அடியில் போனது. பிறகு வந்த பஞ்சத்தில் ஐந்தில் ஒருவர் செத்தார்கள். அந்தக் கருங்கல் காடு முழுக்க இப்போது இந்தப் பாசிதான். வேர் கிடையாது, மண்ணும் வேண்டாம். மழையை இலையாலேயே குடித்துக்கொள்கிறது. காய்ந்த நாளில் நுனியெல்லாம் நரைத்துச் சாம்பல் பூத்துக் கிடக்கும். தூறல் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை. கையை வைத்தால் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி மணிக்கட்டு வரை இறங்குகிறது.

வந்த புதிதில் தெரியாமல் அதன்மேல் நடந்துவிட்டேன். கூட வேலை செய்கிற அக்கா கத்திவிட்டாள். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராதாம், ஒரு காலடி ஆறப் பல வருஷம் ஆகுமாம். நீயோ பாசியைக் கண்டால் பிளீச்சிங் பவுடரோடு இறங்குவாய்! அவளிடம் சொன்னேன், நம்பவில்லை. என் ஷூ பதிந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது, பஸ் ஏறப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அப்புறம், கிணற்றடியைத் தேய்க்கத் தம்பியை விடு. உனக்கு முட்டி வலி, வழுக்கிவிடும்.

அன்புடன்,
உன் மகள்