முந்நூறு டைரக்டரிகளில் உன் பட்டறையின் பெயர் வேண்டாம்

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, காலையில் மறுபடியும் தானே செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டார். உன் கடிதமும், அதனுடன் நீ மடித்து வைத்திருந்த விலைப்பட்டியலும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. நாச்சியார்கோவிலில் உன் அப்பா காலத்திலிருந்து வார்த்துவரும் குத்துவிளக்குகளுக்குக் கயல் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறாள் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஆனால் அந்த விலைப்பட்டியலைப் படித்த பிறகு இரண்டு நாள் மனம் ஒருநிலையில் இல்லை. அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

முந்நூறு வெப் டைரக்டரிகளில், அதாவது இணையதளங்களைப் பிரிவு பிரிவாகத் தொகுத்துக் காட்டும் பட்டியல் தளங்களில், உங்கள் தளத்தின் முகவரியைச் சேர்ப்பதாகவும், ஒவ்வொன்றிலும் 'பித்தளை விளக்கு வாங்க' என்ற சொற்களிலேயே இணைப்புத் தருவதாகவும், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அனைத்தும் ஏற்கப்படும் என்று உறுதி கூறுவதாகவும், இதற்குக் கட்டணம் 9,500 ரூபாய் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்ட வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கயலுக்கும் படித்துக் காட்டு.

கூகுளை உருவாக்கிய லேரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று கருதினார்கள். பலர் சுட்டிக்காட்டும் பக்கம் மதிப்புடையது. மதிப்புடைய பக்கம் சுட்டிக்காட்டுவது இன்னும் மதிப்புடையது. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த 1998-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய பேஜ்ரேங்க் கணக்கின் அடிப்படை இதுதான். நம் ஊரில் பெண் பார்க்கப் போகுமுன் நாலு பேரிடம் விசாரிப்பதைப் போன்றது இது. விசாரிக்கப்படுகிறவர்கள் கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறவர்களாக இருந்தால் விசாரணைக்கு அர்த்தமே இல்லை.

டைரக்டரி என்ற அமைப்பு தொடக்கத்தில் கெட்டதாக இருக்கவில்லை என்பதையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். 1994-இல் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொகுக்கத் தொடங்கிய பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. 1998-இல் தொடங்கிய திறந்த டைரக்டரியான டிமோஸில் காலப்போக்கில் 90,000-க்கும் மேற்பட்டோர் ஊதியமின்றித் தொகுப்பாளர்களாகப் பணியாற்றி, முப்பத்தெட்டு லட்சம் தளங்களுக்கு மேல் வகைப்படுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தளத்தையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து, தகுதி இல்லையென்றால் ஒதுக்கிவிடுவார். யாஹூ டைரக்டரியோ வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கியது. ஆனால் அந்தப் பணம் தளத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம். பட்டியலில் சேர்ப்பதற்கான விலை அன்று. தளத்தை நிராகரித்தாலும் பணம் திரும்பி வராது. இதனால்தான் அந்த இரண்டு டைரக்டரிகளிலும் பதிவு செய்துகொள்ளுமாறு கூகுளே தன் வழிகாட்டு நெறிகளில் ஒரு காலத்தில் எழுதியிருந்தது. அந்த வரியை அது நீக்கியது 2008-இல்தான்.

இந்த விஷயத்தில், இணையதளங்களைக் கவனிக்கும் வேலையில் இத்தனை ஆண்டு இருந்து நான் கற்றது ஒன்றுதான். பணம் கைமாறியதா என்று மட்டும் பார்த்தால் போதாது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அந்தப் பட்டியல்காரரிடம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உன் விலைப்பட்டியலில் எல்லாம் ஏற்கப்படும் என்று உறுதி கொடுத்திருக்கிறார்களே, அந்த ஒரு சொல்லே அங்கே எவரும் எதையும் படித்துப் பார்ப்பதில்லை என்பதற்குப் போதுமான ஆதாரம்.

2000 டிசம்பரில் கூகுள் உலாவியில் பொருத்திக்கொள்ளும் தன் டூல்பாரை வெளியிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் பூஜ்யத்திலிருந்து பத்து வரையிலான எண்ணாகப் பச்சைப் பட்டையில் காட்டத் தொடங்கியதும், அந்த எண்ணுக்கு விலை வந்துவிட்டது. ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் 2002-இல், பேஜ்ரேங்க் கூடுதலாக உள்ள தளங்களில் விளம்பர இணைப்புகளைப் பேசி முடித்துக் கொடுக்கும் தொழிலை வெளிப்படையாகவே ஆரம்பித்தது. சில வாரங்களிலேயே அதன் சொந்தத் தளத்தின் எண் எட்டிலிருந்து நான்காக இறங்கியது. தன் தொழிலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டதாக அது கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துரிமைக்கு அமெரிக்க அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று கூறி, கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2003 மே மாதம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தேடல் வரிசையில் நம்மைக் கீழே இறக்கினால் நீதிமன்றத்தில் முறையிட்டுத் திரும்ப ஏறலாம் என்று யாராவது உன்னிடம் சொன்னால், இந்த வழக்கை நினைவில் கொள்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2005 ஜனவரியில் நோஃபாலோ என்ற குறியீடு வந்தது. விளம்பர இணைப்பில் அதைச் சேர்த்துவிட்டால், தேடுபொறி பொதுவாக அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. 2007 அக்டோபரில், இணைப்பு விற்ற பல தளங்களின் டூல்பார் எண் ஒரே வீச்சில் குறைக்கப்பட்டது. அப்போதும் இணைப்பு வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சூடு படவில்லை. எங்களுக்கும் படவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது.

இனி எழுதப்போவதை இதுவரை உனக்கு நான் சொன்னதில்லை. 2011-இல் கோயம்புத்தூரில் மேசை மீது வைக்கும் வெட் கிரைண்டர்களை இணையத்தில் விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உரிமையாளர் மிகவும் நல்லவர். போனால் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். அவருடைய 38,000 ரூபாயைச் செலவிட்டு ஒரு முகவர் மூலம் நானூறுக்கும் மேற்பட்ட டைரக்டரிகளில் இணைப்பு வாங்கினேன். மூன்று மாதத்தில் தளம் கூகுள் தேடலின் முதல் பக்கத்துக்கு வந்தது. தீபாவளிக்கு விற்பனை ஏறியது; இரண்டு பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்தார். 2012 ஏப்ரல் 24 அன்று, இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைப் பிடிப்பதற்காகப் பென்குவின் என்று பெயரிடப்பட்ட மாற்றத்தைக் கூகுள் தன் தேடல் கணக்கில் வெளியிட்டது. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 சதவீதத்தை அது பாதிக்கும் என்று கூகுளே சொன்னது. ஒரு வாரத்துக்குள் எங்கள் தளம் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது. கூகுளிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வரவில்லை. கூகுளின் பணியாளர் பார்த்துத் தண்டித்தால், தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியில் அறிவிப்பு வரும்; இது இயந்திரக் கணக்கின் வழியே வந்த இறக்கம் என்பதால் முறையிடுவதற்குக்கூட இடம் இல்லை.

அன்றுதான் முகவர் கொடுத்திருந்த எக்செல் பட்டியலை முதல்முறையாக வரிசையாகத் திறந்து பார்த்தேன். நானூறு தளங்கள், ஆனால் வடிவம் ஐந்தாறுதான். ஒரே நீல நிறத் தலைப்பு, ஒரே இடத்தில் 'உங்கள் தளத்தைச் சேர்க்க' என்ற பொத்தான். எங்கள் கிரைண்டர் இருந்த 'வீடு' என்ற பிரிவில் எங்களுக்கு மேலே ஒரு சூதாட்டத் தளம், கீழே கடன் தரும் தளம், அதற்கும் கீழே எடை குறைக்கும் மாத்திரை. எல்லா வரியிலும் எங்களைச் சுட்டிய சொற்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. நானூறு பேர் தற்செயலாக ஒரே வாக்கியத்தைச் சொல்வார்களா, முருகேசா? கணக்குப் போடும் இயந்திரத்துக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எதற்கு?

நீக்கும்படி ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலான முகவரிகளிலிருந்து பதிலே இல்லை. சிலர், சேர்க்க வாங்கியதைப் போலவே நீக்கவும் பணம் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் டிஸவோ என்ற கருவியைக் கூகுள் வெளியிட்ட பிறகு, 'இவற்றைக் கணக்கில் சேர்க்காதே' என்று ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிக்கு ஒரு தளமாக எழுதி ஏற்றினேன். ஆனால் கோப்பை ஏற்றினால் மட்டும் போதாது. பென்குவின் கணக்கு மறுபடி ஓடும் வரை காத்திருக்க வேண்டும். 2013-இல் இரண்டு முறை ஓடியது. எங்களுக்கு மாற்றம் தெரியவில்லை. 2014 அக்டோபரில் ஓடியபோதுதான் இரண்டாம் பக்கம் வரை ஏறினோம். அப்போது தவறியவர்கள் 2016 செப்டம்பர் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு, செய்வதறியாமல் காத்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் அதற்குள் புதிதாக எடுத்த இருவரையும் அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த இருவரில் ஒருவரை வேலைக்குச் சேர்த்த நாளில் நானும் அங்கே இருந்தேன். அவர் வாங்கி வந்து கொடுத்த இனிப்பு இன்றும் நினைவில் இருக்கிறது.

இன்றைய நிலைமை அன்றிருந்ததைவிடக் கொஞ்சம் இரக்கமானது. 2016 செப்டம்பரில் பென்குவின் கூகுளின் மையக் கணக்கோடு சேர்ந்துவிட்டது. இப்போது மலிவான இணைப்புகள் பெரும்பாலும் தண்டிக்கப்படுவதில்லை, மதிப்பிழந்து போகின்றன. ஆகவே 9,500 ரூபாய் கொடுத்தால் உனக்கு நேரக்கூடியது அந்த 9,500 ரூபாய் நஷ்டமாக மட்டுமே இருக்கலாம். ஆனால் தரமற்ற டைரக்டரி இணைப்பு விதிமீறல் என்று கூகுளின் கொள்கையில் எழுதியே இருக்கிறது. மனிதர் பார்த்துத் தண்டிக்கும் முறையும் தொடர்கிறது. தொடங்கி ஆறு மாதமே ஆன தளத்துக்கு, வேறு எவரும் சுட்டாத நிலையில், முந்நூறு இணைப்பு ஒரே வாரத்தில் வந்தால் அது யார் கண்ணிலும் படும்.

விளம்பரமே செய்யக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. மக்கள் உண்மையிலேயே கடை தேடிப் புரட்டும் தொழில் பட்டியல் ஏதாவது இருந்தால் பணம் கட்டியே சேரலாம். அந்த இணைப்பில் நோஃபாலோ, அல்லது 2019-இல் வந்த ஸ்பான்சர்ட் என்ற குறியீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே நீ வாங்குவது வாடிக்கையாளரின் பார்வையை. கூகுள் வரைபடத்தில் பட்டறையின் இடத்தைப் பதிவு செய்வதற்குக் காசே வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காவிரி வண்டல் மண்ணில் நீங்கள் அச்சு எடுக்கும் விதத்தைக் கயல் படங்களோடு எழுதட்டும். அச்சைப் பிரித்ததும் கறுத்துக் கிடக்கும் தண்டு, கடைசலில் ஏறிய சில நிமிடங்களில் மஞ்சளாக மின்னத் தொடங்குவதை உன் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு கைவினை ஆர்வலர், ஒரு கோயில் கலை மாணவர், வெளிநாட்டில் வீடு கட்டும் ஒருவர் தாமாகவே இணைப்புத் தருவார்கள். ஆண்டுக்குப் பத்து வந்தாலும் எனக்குப் போதும் என்று தோன்றுகிறது.

தை முதல் வாரம் கும்பகோணம் வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில் தங்குவேன். அதற்குள் சர்ச் கன்சோலில் (வெப்மாஸ்டர் டூல்ஸின் இன்றைய பெயர்) இணைப்புகள் என்ற பகுதியைத் திறந்து, தளத்தைச் சுட்டுகிறவர்களின் பட்டியலைக் கயல் இறக்கி வைக்கட்டும். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் இலவசமாகவே நாற்பது டைரக்டரிகளில் சேர்த்துவிட்டதாக நீ கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய் அல்லவா? அவை எவை என்று நாம் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ரகு