ஸ்டெல்லா வந்திருக்கிறாள்

திருச்சி
ஞாயிறு மத்தியானம்

அடியே வசந்தி,

நலம், நலமறிய ஆவல். உன் சர்க்கரை, என் முழங்கால், இரண்டையும் இத்தோடு முடித்துக்கொள்வோம். போன கடிதத்துக்குப் பதில் போடாதது நீதான் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் அனுப்புவதெல்லாம் கணக்கில் சேராது.

ஸ்டெல்லா வந்திருக்கிறாள். ஒரு பெரிய சூட்கேஸ், ஒரு தையல் மெஷின். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு யாரும் நாலு நாள் தங்கிப் போக வருவதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாடி அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டேன். இவர் "எத்தனை நாள்?" என்று கண்ணாலேயே கேட்டார், நானும் கண்ணாலேயே பதில் சொன்னேன். இப்போது அவர்தான் அவளுக்குக் காலைக் காபி போடுகிறார்.

வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. நம் பாட்டு இல்லைடி, டாரத்தி ஆன்ட்டி பாட்டு! பொன்மலை குவார்ட்டர்ஸில் ஆன்ட்டி தலையில் கர்லரோடு பாடிக்கொண்டே கேக்குக்கு மாவு கலக்குவாரே, நீ பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கேக்குக்கு மட்டும் தட்டை நீட்டுவாயே, அதே பாட்டுகள். ஆன்ட்டி பெர்த்துக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அறுபதுகளில் சிலோன் ரேடியோவில் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதிய பாட்டு நோட்டு. பச்சை மசி. ரேடியோ அலை இழுத்துக்கொண்டு போய் வார்த்தை கேட்காத இடத்திலெல்லாம் வரி இல்லை, வெறும் புள்ளி வைத்திருக்கிறார். சில பக்கத்தில் புள்ளிதான் அதிகம். ஸ்டெல்லா போனில் பாட்டைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு, அந்தப் புள்ளிகளின் மேல் பென்சிலால் வார்த்தையை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இரு, ஷிரெல்ஸ் முடியட்டும்" என்கிறாள்.

அந்த ஷிரெல்ஸ் உன் ஊர்க்காரிகள், தெரியுமா? உன் நியூ ஜெர்சியில் பசேய்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. நீ எடிசனை விட்டால் கோவில், கோவிலை விட்டால் புடவைக் கடை என்று இருப்பவள், பார்த்திருக்க மாட்டாய். அந்த ஊர் ஹைஸ்கூலில் படித்த நாலு கறுப்பினப் பெண்கள். ஷெர்லி, டோரிஸ், ஆடி, பெவர்லி. கூடப் படித்த ஒருத்தி இவர்களைத் தன் அம்மா ஃப்ளாரன்ஸ் கிரீன்பர்க் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாட வைத்தாள். அதுவரை வீட்டோடு இருந்த அந்த அம்மாள், இவர்களை வைத்து ரெக்கார்டு கம்பெனியே நடத்தத் துணிந்துவிட்டார். 1960 கடைசியில் 'வில் யூ லவ் மீ டுமாரோ' வந்தது. 1961 ஜனவரியில் பில்போர்டில், அதாவது அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில், முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. மெட்டுப் போட்ட கரோல் கிங்குக்கு வயது 18, இடுப்பில் கைக்குழந்தை. வரி எழுதியது புருஷன் ஜெரி காஃபின். பகலில் கெமிஸ்ட் வேலை, ராத்திரியில் பாட்டு. வயலின்களுக்கு யார் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் அந்தப் பதினெட்டு வயசுதான்.

நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பாட்டை இப்போது ஒரு தடவை கேள். வயலின் எல்லாம் பதறிக்கொண்டு ஓடுகிறது. ஷெர்லி ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று, ஸ்வரத்துக்கு ஒரு நூல் கீழேயே பாடுகிறாள். பஞ்சு சார் இருந்திருந்தால் "சுருதி!" என்று ஸ்கேலால் தட்டியிருப்பார். அந்த நூல் அளவில்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இன்றைக்கு இவ்வளவு பேசுகிறாயே, விடிந்தால் என்ன செய்வாய் என்று ஒரு பெண் கேட்கிறாள். அவன் வாயையே திறப்பதில்லை. பாட்டில் அவன் இல்லவே இல்லை. இருப்பது பின்னால் நிற்கிற மூன்று சிநேகிதிகள். பையனுக்குப் பாடுவதாகப் பேர், ஆனால் பேச்செல்லாம் தோழிகளோடுதான். பெண்கள் குழுக்கள் பாடும் இந்த ரகப் பாட்டு அத்தனையிலும் இதைப் பார்க்கிறேன். ஒருத்தி சொல்கிறாள், மற்றவர்கள் "ம்ம்", "அப்படியா", "ஐயோ" என்கிறார்கள். நம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் வேறென்ன நடந்தது?

கார்த்திக் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவனுக்கு எல்லாமே சவுண்டு. லீவுக்கு வந்தவன் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் வகுப்பே எடுத்தான். ரானெட்ஸ் பாடிய 'பீ மை பேபி', 1963. முதல் அடியைச் சாப்பாட்டு மேஜையில் தட்டிக் காட்டுகிறான்: தும், தும்-தும், டக். ஹால் ப்ளெய்ன் என்பவர் வாசித்தது. நடுவில் விழ வேண்டிய ஓர் அடி கைதவறி விழாமல் போனதாகவும், அதையே வைத்துக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறாராம். பீச் பாய்ஸ் குழுவின் ப்ரையன் வில்சன் கார் ரேடியோவில் இதைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்டினாராம். லாஸ் ஏஞ்சலிஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில், சின்ன அறையில், ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மூன்று பேரை அடைத்து வாசிக்க வைத்து, சத்தத்தைச் சிமென்ட் பூசிய எக்கோ அறைக்குள் அனுப்பித் திரும்பப் பிடிப்பார்களாம். எல்லாம் மோனோ, சத்தம் ஒரே வழியாக வருவது. அன்றைய கார் ரேடியோவுக்கும் டிரான்சிஸ்டருக்கும் ஏற்ற மாதிரி செய்தது. அதனால்தானோ என்னவோ, ஸ்டெல்லாவின் கண்ணாடி உடைந்த போனில்கூட ஒன்றும் குறையவில்லை. அதுவரைக்கும் அவன் சொல்வது சரி. ஆனால் அத்தனை பேர் வாசித்தும் ரானெட்ஸில் முன்னால் பாடிய ரானியின் குரல் தனியாக மேலே வருகிறதே, அதற்கு எந்த எக்கோ அறை காரணம்? கோரஸில் எத்தனை பேர் நின்றாலும் ஸ்டெல்லா குரல் தனியாகக் கேட்குமே, உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அந்தச் சத்தத்தைக் கட்டிய ஃபில் ஸ்பெக்டர் பிறகு ரானியைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குள் அடைத்து வைத்தான். செருப்பை எல்லாம் எடுத்து ஒளித்து வைப்பானாம். 1972-ல் வெறுங்காலோடு ஓடி வந்தாள். (நம்மவள் தையல் மெஷினோடு வந்தாளே, கெட்டிக்காரி.) அவன் 2009-ல் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அந்தத் தண்டனைக் காலத்திலேயே 2021-ல் செத்தான். பணக்கதை இன்னும் கேவலம். ரானெட்ஸ் மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்த முன்பணம் 15,000 டாலருக்கும் குறைவு. கேஸ் போட்டு இழுத்து இழுத்து 2002 வரை போயும் பாதிக் கிணறுதான் தாண்டினார்கள். ஷிரெல்ஸுக்கோ, 21 வயது ஆனதும் தருகிறோம், பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்களாம். வயது வந்து போய்க் கேட்டால் பணம் இல்லை. அவர்களும் கோர்ட்டுக்குத்தான் போனார்கள்.

உன் அப்பாவையும் ஒருநாள் நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். மார்வலெட்ஸ் என்று மிஷிகனில் இங்க்ஸ்டர் ஊர் ஸ்கூல் பெண்கள். 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', 1961, மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு பில்போர்டில் கிடைத்த முதல் முதலிடம். டிரம்ஸ் வாசித்தது, பின்னால் பெரிய பாடகரான மார்வின் கே. அந்தப் பாட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக வரி எழுதிய ஜார்ஜியா டாபின்ஸ் ரெக்கார்டில் பாடவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பா விடவில்லை. அவள் விட்ட இடத்தில் கிளாடிஸ் ஹார்ட்டன் பாடினாள். உனக்குப் பதிலாக அன்றைக்கு மேடையேறினது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

உன் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல். அவர் தலையில் வைத்து ஆடும் பீட்டில்ஸின் முதல் எல்.பி.யில் இரண்டு பாட்டு ஷிரெல்ஸுடையது. அதில் ஒன்றின் பேர் 'பாய்ஸ்'. பெண்கள் பையன்களைப் பற்றிப் பாடியதைப் பேரைக்கூட மாற்றாமல் ரிங்கோ பாடியிருக்கிறார். நான் சொன்னதாகவே சொல்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

கிரிஸ்டல்ஸ் என்று ஒரு குழு. 'ஹீ இஸ் எ ரெபல்', 1962, முதலிடம். அதில் கிரிஸ்டல்ஸ் யாருமே பாடவில்லை. அவர்கள் அப்போது அமெரிக்காவின் இன்னொரு கோடியில் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பாடகியும் இதே பாட்டைப் பதிவு செய்கிறாள் என்று ஸ்பெக்டருக்கு அவசரம். அங்கேயே கைக்குக் கிடைத்த டார்லீன் லவ்வைப் பாட வைத்து, லேபிளில் கிரிஸ்டல்ஸ் பேரைப் போட்டுவிட்டான். தங்களுக்கு ஒரு ஹிட் வந்திருக்கிற சேதியே கிரிஸ்டல்ஸுக்கு ரேடியோவில்தான் தெரிந்தது. பிறகு மேடையில் அதைப் பாடியும் ஆக வேண்டும்! டார்லீனுக்குப் பேர் இல்லை. எண்பதுகளில் வீடு துடைக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் யார் வீட்டிலோ பாத்ரூம் கழுவிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் அவளுடைய கிறிஸ்துமஸ் பாட்டே வந்ததாம்.

கார்த்திக் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அவள் சென்னையில் டிராக் பாடின காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் இவள் பாடுவாள், சாயங்காலம் பெரிய பாடகி வந்து அதைக் கேட்டுப் பாடுவார், இவளுடையதை அழித்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, "காசு குடுத்தாங்கல்ல" என்பாள். அன்றைக்கு மட்டும், "அவ குரலாவது இருக்குல்ல" என்றாள். மறுபடி வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். கார்த்திக்குக்குப் புரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாமே தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதே கிரிஸ்டல்ஸ் அதே வருஷம் பாடிய இன்னொன்று இருக்கிறது. அவன் அடித்ததை அன்பு என்று ஒரு பெண் சொல்லிக்கொள்கிற பாட்டு. எழுதியது அதே காஃபினும் கிங்கும். அவர்கள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த பெண் அப்படித்தான் பேசினாளாம், அதைக் கேட்டு எழுதியது. பாடின பெண்களுக்கே பிடிக்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் கம்பெனி இழுத்து மூடிவிட்டது. ஆன்ட்டியின் நோட்டில் அது இல்லை. நானும் அதை ஸ்டெல்லாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. கார்த்திக் வாயைத் திறந்தபோது மேஜைக்கடியில் காலை மிதித்தேன்.

ஏன் என்று உனக்குப் புரிந்திருக்கும். அவள் இன்னும் முழுக்கைச் சட்டை தைத்துத்தான் போடுகிறாள், இந்தத் திருச்சி வெயிலில்.

என் பிரச்சினை என்னவென்றால், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவள் காய் நறுக்குகிறாள், பாடுகிறாள், எல்லோருக்கும் ஜாக்கெட் தைக்கிறாள், இவரோடு கிரிக்கெட் பார்க்கிறாள். நான் "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்கிறேன். ஷாங்ரி-லாஸ் என்று ஒரு குழு இருக்கிறது, நியூயார்க் குயின்ஸ், அக்கா தங்கை ஒரு ஜோடி, இரட்டைச் சகோதரிகள் ஒரு ஜோடி. 'லீடர் ஆஃப் த பேக்', 1964. மோட்டார் சைக்கிள் சத்தமெல்லாம் வைத்து ஒரு முழு நாடகம், கொஞ்சம் ஓவர்தான். முன்னால் பாடிய மேரி வைஸுக்கு அப்போது 15 வயது, 2024-ல்தான் போனாள். அந்தப் பாட்டு பாட்டாக ஆரம்பிப்பதில்லை. சிநேகிதிகள் சாதாரணப் பேச்சில் கேள்வி கேட்கிறார்கள். நிஜமாகவா? அவனையா? இன்றைக்கு ஸ்கூலில் வைத்து எப்படிக் கேட்பது என்று தயக்கம்கூட இல்லை, பட்டென்று கேட்கிறார்கள். கேட்டதால்தான் அவள் பாட ஆரம்பிக்கிறாள். இதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நம் மூன்று பேரில் அந்த வேலை உன்னுடையது. வெட்கம், இங்கிதம் எதுவும் பார்க்காமல் "என்னடி ஆச்சு, சொல்லித் தொலை" என்று கேட்கிறவள் நீ ஒருத்திதான். விஜயா விஷயத்தில் நீ கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே கூப்பிடு. எனக்கு இல்லை, அவளுக்கு. உன் காலை ஒன்பது மணி எங்களுக்குச் சாயங்காலம் ஆறரை. அந்த நேரம் இவர் வாக்கிங் போய்விடுவார், நான் வேண்டுமென்றே கீரை வாங்கப் போகிறேன். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, பாட்டிலிருந்து ஆரம்பி. கண்டுபிடிப்பாள், கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு வேலை. பசேய்க்கில் ஒரு தெருவுக்கு 2008-ல் ஷிரெல்ஸ் பூல்வார்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்காரரைக் கார் எடுக்கச் சொல்லி, அந்தப் பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பு. நல்ல புடவையாகக் கட்டிக்கொள், போன போட்டோவில் கட்டியிருந்த மாம்பழக் கலர் சகிக்கவில்லை. ஜாக்கெட் அளவும் எழுதி அனுப்பு, அவள் கேட்டாள். பழைய அளவு வேண்டாம், உண்மையான அளவு.

உன்,
கௌரி