சோக்கைத் தொடும் முன்

ஆனைமலை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபியில் வாய்க்கால் தண்ணி வந்து நடவு ஆரம்பித்ததில் சந்தோஷம். இங்கே தென்னையை வெள்ளை ஈ விட்டபாடில்லை.

துப்பாக்கி விஷயத்துக்கு வர்றேன். அப்பாரு வைத்திருந்த பர்மிங்காம் டபுள் பேரலுக்கு உன் பேரில் லைசென்ஸ் வாங்கியது நல்லது. ஆனால் ரேஞ்சில் களிமண் தட்டு சுட வாகாக இருக்குமென்று ரெண்டு குழல் சோக்கையும், அதாவது ரவை அதிகம் விரியாமலிருக்க வாய்ப்பக்கம் துளையைக் குறுக்கியிருக்கும் இடத்தை, மச்சினன் லேத்தில் கடைந்து அகலமாக்க வேண்டாம். அவன் பம்ப்செட் ஷாஃப்ட்டை ஒரு தவு (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகாமல் கடைவான், தெரியும். இது வேற சமாச்சாரம். ரெண்டு குழலும் வாய்ப்பக்கம் நெருங்கி வரும்படி சேர்த்திருப்பார்கள். வெளிப்புறத்தை லேத்தின் சக்கில் பிடித்தால் உள்துளையின் மையம் தப்பும், ரவை ஒரு பக்கமாகப் போகும். தொழில் தெரிந்தவர் துளையோடு ஒட்டி உட்காரும் வழிகாட்டி முனை (பைலட்) வைத்த, துளையைச் சீவும் ரீமரைக் கையால் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். அவருக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். நுனியை அறுத்தால் சோக் போய்விடும் என்று எவனாவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது குற்றம்.

முதலில் குழலைக் கழற்றி அடித்தட்டையில் பொறித்திருப்பதைப் பார். 'நாட் ஃபார் பால்' (குண்டு போடக் கூடாது) என்றிருந்தால் 1875க்கும் 1887க்கும் நடுவில் சோதித்த குழல். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் நைட்ரோ முத்திரை எங்கும் இல்லையென்றால் இப்போதைய தோட்டாவே போடாதே, சோக் பேச்சையும் விட்டுவிடு.

முத்திரை இருந்தால் அளக்கலாம். 12 போர் என்ற குழல் அளவுக்குத் துளை 0.729 இன்ச் என்பது ஏட்டுக் கணக்கு, பழைய குழலில் கூடக்குறைய இருக்கும். அதனால் வாயை மட்டும் அளந்து சோக் இவ்வளவு என்பவனை நம்பாதே. துளை அளவிலிருந்து வாய் அளவைக் கழிக்கணும். 40 தவு, அதாவது 0.040 இன்ச் வந்தால் ஃபுல் (முழு) சோக், 20 வந்தால் ஹாஃப் (பாதி). விட்டத்தில் 20 தவு எடுத்தால் குழல் சுவரில் 10 தவு போகும். மிச்சமாகும் கனம் 20 தவுக்குக் கீழே இறங்கினால் தொடவே கூடாது.

என்னைக் கேட்டால், அளக்கும் கேஜை விடத் தாளைத்தான் நம்புவேன். 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுடு. 30 இன்ச் வட்டத்துக்குள் ரவையில் 70 சதவீதம் விழுந்தால் ஃபுல், 60 என்றால் ஹாஃப். ஸ்கீட் என்ற அந்தத் தட்டு சுடும் போட்டியில் தட்டை 20 கஜம் சுமாரில் சுடுகிறாய். அங்கே ஃபுல் சோக்கின் ரவை 16 இன்ச் அளவுக்குத்தான் விரியும், தட்டு தப்பாமல் என்ன செய்யும்! ரவையைப் பிளாஸ்டிக் கப்பில் வைத்த தோட்டாவுக்குப் பதில் கம்பளி அடைப்பு (ஃபெல்ட் வாட்) வைத்த தோட்டா போட்டுப் பார். இரும்பைத் தொடாமலே விரிவு கூடும்.

அதுவும் போதவில்லையென்றால் வலது குழலை மட்டும், ஹாஃபுக்குக் கொஞ்சம் கீழே வரை திறக்கச் சொல். இடது அப்படியே இருக்கட்டும்.

முத்திரையைப் படம் எடுத்து அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. மாசி நோம்பிக்கு வர்றேன்.

உன்
துரைசாமி