கழிப்பறைக்கு வழிவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மலக்குடலில் வந்த புற்றுநோய்க்காக 28 நாள் கதிர்வீச்சும் அதனோடு சேர்ந்த மாத்திரைகளும் முடிந்து, அறுவை சிகிச்சைக்கு முன் உடல் தேறுவதற்காகக் கொடுக்கப்பட்டிருக்கும் இந்தச் சில வார இடைவெளியில், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல், வயிறும் மலமும் என்னைப் படுத்திய பாட்டை முகம் சுளிக்காமல் கேட்டவர்களுக்கும், அவசரத்தில் எனக்கு வழிவிட்டவர்களுக்கும் உரியது. மார்பிலோ தொண்டையிலோ கட்டி வந்தவர் அதை நாலு பேரிடம் சொல்லி அழ முடிகிறது. எனக்கோ பல மாதங்கள் என் கணவரிடம்கூட வாய் திறக்க முடியவில்லை.

முதல் நன்றி, எங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனையில் பணிபுரியும் அந்த இளம் பெண் மருத்துவருக்கு. அவரிடம் போவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மலத்தில் இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. நான் போய்வந்த இடத்தில் மூலம் என்று சொல்லிக் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒருமுறைகூடப் பரிசோதித்துப் பார்க்கவில்லை, கூச்சத்தால் நானும் கேட்கவில்லை. சில நாள் மலச்சிக்கல், சில நாள் ஐந்தாறு முறை பேதி. மலம் விரல் அளவுக்கு மெலிந்து வந்தது. எல்லாவற்றையும்விடத் துன்பம் தந்தது ஓயாத அந்த உந்துதல்தான். போக வேண்டும் என்று வயிறு துரத்தும், போய் உட்கார்ந்தால் சளியும் இரத்தமும் துளி வருமே தவிர வேறொன்றும் வராது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மாணவிகளை எழுதச் சொல்லிவிட்டு ஓடிய நாட்கள் உண்டு.

அந்த மருத்துவர், “டீச்சர், கூச்சப்படாதீங்க, ஒரு நிமிஷம்தான்” என்று சொல்லிக் கையுறை அணிந்து விரலால் பரிசோதித்தார். அந்த ஒரு நிமிடத்தில் கட்டி அவர் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. பிறகு நடந்த கொலனோஸ்கோபி, பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. எல்லாம் அவர் விரல் சொன்னதை உறுதிப்படுத்தவே செய்தன. ஆனால் நான் அவருக்குக் கடமைப்பட்டிருப்பது நோயைக் கண்டுபிடித்ததற்காக மட்டுமன்று. உள்ளே இருக்கும் கட்டியையே மலம் தேங்கியிருப்பதாகக் குடல் எண்ணிக்கொள்கிறது, அதனால்தான் அந்த உந்துதல், முக்கி முக்கிப் பயனில்லை என்று அவர் விளக்கியபோது, என் உடம்பின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்தது. மலச்சிக்கலுக்கு நல்லதென்று நம்பி, இசப்கோலும் கீரையும் சிறுதானியமும் வயிறு உப்ப உப்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வழி குறுகியிருக்கும் இடத்தில் நார்ச்சத்தைத் திணித்தால் அடைப்பு ஏற்படக்கூடும் என்று சொல்லி அவற்றை நிறுத்தி, மலத்தை இளக்கும் மருந்தைக் கொடுத்தார். மற்றவர்களுக்கு நன்மை செய்யும் உணவே எனக்கு இடைஞ்சல் என்பதை அதுவரை யாரும் சொல்லவில்லை.

சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று. புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றுடன் வந்தால் போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன முன்பதிவு ஊழியருக்கும், கழிப்பறையை ஒட்டிய தன் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போன பெயர் தெரியாத இளைஞருக்கும் என் நன்றி. அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் படுக்க எவரும் விரும்புவதில்லை; எனக்கு அன்று அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

குரோம்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் தங்கினேன். புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது அன்றாடம் போய்வருகிறவர்களுக்கு ஒரு பொருட்டாக இராது. எனக்கு அதுவே பெரிய கவலையாயிற்று. தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரத் தம்பியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே, வழியில் எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எது சுத்தம், எங்கே சாவி கேட்க வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தார். ஐந்தரை வாரமும் அவர்தான் அழைத்துப் போனார். “அம்மா, நிறுத்தட்டுமா?” என்று அவர் கேட்கும்போது ஒருநாளும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததில்லை.

கரண்ட் வைக்கும் அறையில், அதாவது கதிர்வீச்சு கொடுக்கும் அறையில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரைக் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது சிறுகுடலை மேலே தள்ளிவிடும், கதிர்பட்டுச் சிறுகுடல் புண்ணாவது குறையும் என்று முதல் நாளே படம் வரைந்து காட்டினார்கள். இயந்திரம் பழுதாகி வரிசை தாமதமாகும் நாட்களில், உரிய நேரத்தில் வெளியே வந்து, “டீச்சர், இப்போ குடிங்க” என்று அவர்களே சொல்வார்கள். ஒருபுறம் சிறுநீரை அடக்க வேண்டும், மறுபுறம் வயிறு கலங்கும். அப்படியொரு நாளில் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அழைக்கப்பட்ட தம் முறையை எனக்கு விட்டுக்கொடுத்த திண்டிவனத்துப் பெரியவர் நலமாக இருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் பேதி தொடங்கியது. அப்போதிருந்து என் நாத்தனாரின் சமையலறை எனக்காகவே இயங்கியது. புழுங்கலரிசி நொய்யை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, சூடு தணிந்தபின் கடைந்த மோர் கொஞ்சம் விட்டுக் கலந்து பிளாஸ்க்கில் ஊற்றித் தருவார். இட்லி, இடியாப்பம், தோல் நீக்கி வேகவைத்த ஆப்பிள், நன்றாகப் பழுத்த வாழைப்பழம். பாலும் காபியும் பச்சை வெங்காயமும் கீரையும் அந்த வாரங்களில் வேண்டாம் என்று உணவியல் நிபுணர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். அதோடு, தானும் என்னுடன் அமர்ந்து அதே கஞ்சியைக் குடித்தார். வேறு சாப்பாட்டின் வாசனை எனக்குக் குமட்டும் என்பதை நான் சொல்லாமலே அறிந்திருந்தார்.

என் கணவர் அதிகம் பேசாதவர். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், நான் கழிப்பறைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு, நான்கு கோட்டின் மேல் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து வைப்பார். இரத்தம் தெரிந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று செவிலியர் எச்சரித்திருந்தார். ஒரு வியாழக்கிழமை கோடுகள் பதினொன்றைத் தொட்டன. மருத்துவர் அந்தத் தாள்களை வரிசையாக மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்துவந்த கேப்பசிட்டபின் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தி, பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு எப்போது எத்தனை போட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். நான் “கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, டாக்டர்” என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் அவ்வளவு விரைவாக முடிவெடுத்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்த நான்கு நாளும் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் என்னைத் தாங்கியது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதிகள் முகாமில் காலரா பரவியதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அங்கே இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து உயிர்களைக் காத்த மருத்துவர் திலீப் மகலனபிஸைப் பற்றிச் சொன்னதில்லை. அவர் 2022-இல் காலமாகிவிட்டார். வரலாற்று ஆசிரியை என்ற முறையில் அவருக்கும் இங்கே என் வணக்கத்தைப் பதிவுசெய்கிறேன்.

ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்து, உட்காரவும் முடியாமல் போன கடைசி இரண்டு வாரங்களில், துடைக்காமல் தண்ணீரால் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னதோடு, அகன்ற பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் எப்படி அமர வேண்டும் என்று தானே அமர்ந்து காட்டிய செவிலியச் சகோதரிக்கும், வார்டுக் கழிப்பறையை எனக்காக ஒருமுறைக்கு இருமுறை கழுவிவிட்ட ஆயாம்மாவுக்கும் எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? ஆயாம்மாவிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். “புள்ள பெத்தவளுக்குச் செய்யலையா, அது மாதிரிதாம்மா இதுவும்” என்றார்.

என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட சக ஆசிரியைகளுக்கும், காரணம் கேட்காமல் விடுப்பைப் பரிந்துரைத்த தலைமையாசிரியைக்கும் கடமைப்பட்டுள்ளேன். காரணத்தை இப்போது நானே எல்லோருக்கும் எழுதிவிட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதைப் பற்றியும் கேட்கவேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நாத்தனாரின் பிளாஸ்க் இன்னும் என்னிடமே இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன், அண்ணி; நொய் மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை,
மயிலாடுதுறை மாவட்டம்.