சித்தப்பாவுக்கு, சிலை வைக்கும் இடத்தைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முச்சந்தியை ஒட்டிய நம் நிலத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுவிக் துரைக்குச் சிலை வைக்க எனக்கு முழுச் சம்மதம். என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. ஆனால் நான் எழுதுவதைப் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்று சித்தி சொன்னார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கும் என்பதால் அன்றிரவு உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் என்ன பேசினார்கள் என்பதைத் தொடமாட்டேன்.

போன பொங்கலுக்கு நான் எழுதிய கட்டுரையால் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். அதற்காக மனமார வருந்துகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு வரியையும் நான் மாற்றப்போவதில்லை. வெள்ளத்தில் தொடக்க வேலைகள் அடித்துக்கொண்டு போனபின் துரை தன் மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டினார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. அது மதராஸ் அரசாங்கம் கட்டிய அணை. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை பேசி, மக்களின் வரிப்பணத்தில் நடந்த வேலை. இதைச் சொன்னதற்கு, 'சோறு போட்டவனைச் சந்தேகப்படுகிறாள்' என்று என்னைப் பேசினார்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துரையின் பெருமைக்கு நகைக்கதை தேவையே இல்லை, சித்தப்பா. மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் அமைச்சரான பிரதானி முத்திருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே யோசித்தார். பின்னால் வெள்ளைக்கார இன்ஜினியர் மேஜர் ரைவ்ஸ் திட்டம் தீட்டினார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் தென்னாடு செத்து மடிந்த பிறகுதான் அதற்கு வேகம் வந்தது. 1887-ல் தொடங்கிய வேலையைக் காட்டுக்குள், காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, சுண்ணாம்பையும் சுர்க்கி என்ற செங்கல் பொடியையும் கொண்டு 1895-ல் முடித்துக் காட்டினாரே, அது போதாதா? மலையைக் குடைந்து வந்த அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. (அணையின் பலத்தைப் பற்றியும் நீர்மட்டத்தைப் பற்றியும் இங்கே பேசமாட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் படிக்கிறார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.)

நான் சிலைக்கே எதிரி என்று தம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறான். உலகமெங்கும் வெள்ளைக்காரன் சிலையை இறக்கும்போது நாம் ஏற்றலாமா என்று கேட்டவன் அவன்தான், நான் அல்ல. 2020-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கோல்ஸ்டன் சிலையை இழுத்துத் துறைமுகத்து நீரில் தள்ளினார்கள் என்றால், அவன் அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவன். நம் சென்னையிலேயே மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரி நீல் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியில் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொத்துக்கொத்தாகத் தூக்கிலிட்ட ஆள். அந்தச் சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் செய்து நம்மவர்கள் சிறைக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி அரசு அதை எடுத்தது. சரியாகத்தான் செய்தார்கள். அதே சென்னையில் மதராஸ் கவர்னராக இருந்த மன்றோ இன்றும் குதிரைமேல் இருக்கிறார், யாரும் கை வைக்கவில்லை. சிலை யாருக்கு என்பதைப் பார்க்காமல் தோலின் நிறத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவனோடு எனக்கும் ஒட்டாது. இதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

மழை தவறி, நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்த அந்த வருடம் நினைவிருக்கிறதா? தேக்கடியில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் என்னைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு லோயர் கேம்ப் வரைக்கும் மிதித்தீர்கள். வைரவன் ஆற்றில் தண்ணீர் முதலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. கலங்கலாக, செம்மண் நிறத்தில் வந்தது. நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால்கூட நீங்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "துரையைக் கும்பிட்டுக்கொள், தாயி" என்றீர்கள். கும்பிட்டேன். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி, தெற்கே பார்த்து, மூன்று கை அள்ளி விட்டீர்கள். எதற்கு என்று கேட்டேன். "உன் ஓட்டனுக்கு. மேலே வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. ஈரக்கையால் என் தலையைத் தடவிவிட்டீர்கள். வீடு வரும்வரை நீங்கள் ஒன்றும் பேசவில்லை.

அந்தச் சித்தப்பாவா ஊர்க்கூட்டத்தில் வாய் மூடி இருந்தார்?

உங்கள் தாத்தா வயிற்றில் இருக்கும்போது மலை ஏறியவர் அந்த ஓட்டன். காய்ச்சலிலும் காலராவிலும் அங்கே நூற்றுக்கணக்கான கூலியாட்கள் செத்தார்கள். அணைக்குப் பக்கத்தில் இன்றும் கல்லறைகள் இருக்கின்றன. ஓட்டனின் மனைவியான நம் பாட்டியின் தாலி அந்த மலையில்தான் போனது. பார்த்திராத ஒரு துரைசாணியின் நகைக்காக உருகுகிற ஊர், தன் வீட்டுக் கிழவி வெறுங்கழுத்தோடு பிள்ளையை வளர்த்ததை ஒருநாளும் பேசவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை. உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இது ஒன்றுதான்.

லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் துரையின் ஊரான கேம்பர்லியிலேயே 2022-ல் நம் அரசு சிலை வைத்துவிட்டது. துரைக்கு இனிக் குறையில்லை. மலையில் செத்தவர்களுக்கு நம் முச்சந்தியில் நான்கு வரி வேண்டும். பீடத்தின் முன்பக்கம், துரையின் பெயருக்குக் கீழேயே, கண்ணில் படும்படி. "பெரியாறு அணை வேலையில் உயிர்விட்ட, பெயர் தெரியாத நம் ஊர்க்காரர்களுக்கும்" என்று தொடங்கி எழுதி, பத்திரத்தோடு இணைத்திருக்கிறேன். நகைக்கதை கல்லில் ஏறக்கூடாது. வாய்வழியாகச் சொல்லிக்கொள்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

விழாக்குழு ஒப்புக்கொள்ளாது என்பீர்கள். நிலம் குழுவினுடையது அல்ல, நம்முடையது. பேச வேண்டிய இடத்தில் இந்தமுறை நீங்கள் பேசுங்கள். துரையின் பிறந்தநாளான ஜனவரி 15-க்குள் கல்தச்சரிடம் வாசகத்தைக் கொடுத்துவிட்டால், நானே வந்து முன்னால் நின்று பொங்கல் வைக்கிறேன். கொடுக்காவிட்டாலும் பொங்கலுக்கு வருவேன், ஆனால் அத்தை வீட்டில் தங்குவேன். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று சித்தியிடம் கேட்டேன். இல்லையாம். சாப்பிடுங்கள்.

உங்கள்
தாயி