ஒரு பல்சில்லு கேட்டுத் திறந்த மடல்

மின்சாமான்களை இறக்குமதி செய்து விற்கும் முதலாளிமாருக்கும், அவர்களை மேற்பார்க்கும் அதிகாரிமாருக்கும்,

வணக்கம். நீங்கள் விற்கிற சாமானைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. வொறண்டி முடிந்து எத்தனையாம் மாதம் எது கழரும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னுடைய கரண்ட் தையல் மெசினுக்கு ஒரு பல்சில்லு, அதாவது உள்ளே சுழலும் கியர், வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக், ஐந்து ரூபாய்க் குற்றியளவு இருக்கும். மூன்று பல் உடைந்துவிட்டது. மோட்டாருக்கு ஒரு குறையுமில்லை, மிதித்தால் உறுமுகிறது. ஊசிதான் அசையாது. வொறண்டி ஒரு வருஷம். உடைந்தது பதினாலாம் மாதம். பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை இருக்க, இருபத்தாறு வெள்ளைச் சட்டை வெட்டி அடுக்கியபடி கிடந்தது.

வாங்கிய கடைக்குப் போனேன். "அக்கா, அந்தச் சில்லு தனியா வராது. மறுகா ஒருக்கா கோல் எடுத்துப் பாருங்க" என்றார் தம்பி. மறுகா, மறுகா என்றே ஒரு மாதம் போனது. கடைசியில், "திருத்துறதுக்கு அலையிறதை விட புதுசு ஒண்டு எடுங்களன், மாதக்கட்டுக்குத் தாறம்" என்றார். அவரில் பிழையில்லை, சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை. ஆனால் செத்த மெசினுக்கே நான் இன்னும் நாலு மாதம் கட்ட வேண்டியிருக்கிறது.

சட்டைகளைத் தைத்து முடித்தது அம்மம்மாவின் சிங்கர் கால் மெசின். 1978 சூறாவளியில் கூரை அதன்மேல்தான் விழுந்தது. 2004 சுனாமியில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் மிஞ்சியது அத்திவாரம்தான். மூன்றாம் நாள் மெசினின் தலை மண்ணுக்குள் இருந்து வந்தது. மேசைப் பலகை கடலோடு போய்விட்டது. அப்பா தலையைக் கழற்றி மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு துவாரமாக உப்பும் மணலும் எடுத்தார். ஊசி மாற்றினார், தோல் பெல்ட் மாற்றினார், வேப்பம்பலகை அடித்தார். ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது.

பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அம்மம்மா காலத்து ஓட்டைச் சாமானெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. நின்று பிடித்ததுதான் கண்ணில் படுகிறது. அந்த மெசினில் காஜா எடுக்க முடியாது, ஓரம் அடிக்க முடியாது, பகல் முழுக்க மிதித்தால் இரவில் முழங்கால் பேசும். அதனால்தானே உங்களிடம் வந்தேன்.

நான் சொல்வது வேறு. அந்த மாதிரி மெசின் செய்த ஸ்கொட்லாந்துத் தொழிற்சாலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் ஊசி, போபின், பெல்ட் எல்லாம் மட்டக்களப்பு பஜாரில் இன்றைக்கும் கிடைக்கிறது. மூடிய தொழிற்சாலையின் சாமானுக்குப் பாட்ஸ் இருக்கிறது. போன வருஷம் வாங்கியதற்கு இல்லை.

மோட்டார் எரியாமல் காப்பாற்றத்தான் பிளாஸ்டிக் சில்லு வைக்கிறார்கள், பாரம் கூடினால் அது முதலில் உடையும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். நல்ல யோசனை. அப்படியென்றால் உடையும் என்று தெரிந்துதானே வைத்தீர்கள்? மாற்றுச் சில்லு எங்கே?

1924இல் ஜெனீவாவில் பெரிய பல்ப் கம்பனிகள் கூடி, ஒரு பல்ப் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் செய்தனவாம். கூட எரிகிற பல்ப் செய்த கம்பனிக்குத் தண்டம்! நீங்கள் கூட்டம் வைத்தா முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். கூட்டம் வைக்காமலே இவ்வளவு ஒற்றுமை என்றால் அது இன்னும் பெரிய கெட்டித்தனம். பேன், ரைஸ் குக்கர், பிளெண்டர் என்று எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் பின்தாழ்வாரத்திலும் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஐரோப்பாவில் 2021 தொடக்கம், உடுப்புத் துவைக்கும் மெசின் விற்றால் முக்கியமான பாட்ஸைப் பத்து வருஷம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நான் பத்து கேட்கவில்லை, ஐந்து போதும். எத்தனை வருஷத்துக்குப் பாட்ஸ் தருவீர்கள் என்பதைப் பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் அடியுங்கள். அடித்தபடி தாருங்கள். தராதவர்களைத் தரவைப்பது அதிகாரிமாரின் வேலை. தயவுசெய்து பாட்ஸை விற்றுவிட்டு மெசினை விற்க வாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கல்லடியில் ஒரு தையல்காரி

பி.கு: உடைந்த சில்லு தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அளவு பார்க்க வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.